கல்மேட்டுக்கு அடியில்

ஒக். 14, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. ஜீப் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஊர்ந்துதான் போனது. கேபிள், பேட்டரி, சுத்தியல், இரும்புத் தட்டு எல்லாம் சரி. மழைக்கோட் மட்டும் நாங்கள் தங்கியிருக்கும் அப்புத்தளை ரூமிலேயே.

வேலை: தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கும் கல்மேடு. உள்ளே என்ன என்று தோண்டாமல் பார்க்கணும். அதிர்வு பிடிக்கும் கருவிகளை மேட்டிலிருந்து லயம் வரை வரிசையாக மண்ணில் குத்தி, தட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. பாறையில் அதிர்வு வேகமாக ஓடும், இளகின மண்ணில் மெதுவாக. வந்து சேரும் நேரத்தை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போடலாம்.

குழுத் தலைவர் நிமல் சார் வெளிநாட்டில் படித்தது பாறைப் பனியாறுகளைப் பற்றி. மேலே வெறும் கல் குவியல், உள்ளே ஐஸ், மொத்தமும் மெல்ல மெல்லக் கீழே நகருமாம். "அங்கேயும் இதே சுத்தியல்தான்" என்றார். இங்கே ஐஸ் இல்லை. அப்போ எது நகர்த்தும்? தண்ணியா?

15, புதன்

பதிவு மோசம். யார் நடந்தாலும் திரையில் கோடு துள்ளுது.

கடைசி வீட்டு செல்வி அக்கா வந்து நின்றார். கொழுந்து எடுக்கிறவர், இன்னைக்கு வேலைக்குப் போகல.

"மலைய ஏன் மிஸ் போட்டு அடிக்கிறீங்க?"

மலைக்குள் மண் எப்படி இருக்கு என்று பார்க்கத்தான் என்று சொன்னேன்.

"எங்க அடுப்படி, அந்தக் குசினிக் கதவு மூடுறதில்ல. ரெண்டு தரம் சீவியாச்சு. அது ஏன்னு சொல்லுமா உங்க மிசினு?"

பிறகு அவரே லயத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "யாரும் நடக்காதீங்க! புள்ளைகள தூக்கி வச்சுக்கங்க!" மொத்த லயமும் அசையாமல் நின்றது. சுத்தியலையும் கேட்டு வாங்கினார். முதல் அடி தட்டில் படல. அடுத்தது, இன்னைக்கு வந்ததிலேயே சுத்தமான பதிவு.

16, வியாழன்

ரூமில் கம்ப்யூட்டர் வேலை. சாப்பாடு பருப்பு வடையும் பால் இல்லாத பிளேன்டியும்.

மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் படம் வந்தது. கல்மேடுதான் ஆபத்து என்று நான் நினைத்ததற்கு நேர்மாறு! கல் குவிந்த மேட்டில் பாறை கிட்டவே இருக்கு, உறுதி. பார்க்க ஒன்றுமே இல்லாத கீழ்ச் சரிவில்தான், லயத்தின் கடைசி நாலு வீட்டுக்கு அடியில், கிண்ணம் மாதிரி ஆழமாக இளகின மண். என்ன அழகான படம் என்று நினைத்தேன். அந்த வீடுகள் ஞாபகம் வந்ததும் படத்தை சாரிடம் கொண்டு ஓடினேன்.

மழை எச்சரிக்கை வேறு; தண்ணி இறங்கினால் அந்த மண் சரியலாம். அறிக்கை மேலிடத்துக்குப் போய்ச் சேர நாளாகும், இன்னைக்கே சொல்லிடணும் என்றேன்.

சார்: "நூறு வீதம் சரின்னு சொல்ல ஏலாது."

"பிழைன்னும் சொல்ல ஏலாதே சார்."

சார் தோட்டத்து மேனேஜர் தொரைக்கும் கிராம சேவகருக்கும் போன் போட்டார்.

17, வெள்ளி

படத்தை லயத்துக்கே கொண்டு போனோம். சிவப்பு உறுதி, நீலம் இளக்கம். செல்வி அக்கா நீலத்தில் விரல் வைத்தார்.

"நாங்க இங்கயா?"

"ஆமாக்கா. மழைக்கு முன்ன நாலு வீடும் ஸ்கூல் மண்டபத்துக்குப் போயிரணும்."

அவர் கணவர் முருகேசு அண்ணனுக்குக் கோபம். "எப்ப சரியும்? சொல்லுங்க."

"தெரியாதுண்ணே. சரியாமலும் இருக்கலாம்."

"அப்ப எதுக்குப் போகணும்?"

சார், "மழை விட்டதும் திரும்பி அளப்போம். அது வரைக்கும் மட்டும்" என்றார்.

செல்வி அக்கா: "நாந்தானே அடிச்சேன். கதவு ஏன் மூடலன்னு நான் கேட்டதுக்குத்தான் மலை பதில் சொல்லியிருக்கு. நான் போறேன்." உள்ளே போய் மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பின்னேரத்துக்குள் நாலு குடும்பமும் ஸ்கூல் மண்டபத்தில். கேஸ் சிலிண்டர், டிவி, சாமி படங்கள். கோழிகள் மட்டும் லயத்துக் கூரையை விட்டு இறங்கல. சாரும் முருகேசு அண்ணனும் துரத்தி ஒன்றைப் பிடித்தார்கள். அண்ணன் அதை என் கையில் திணித்தார். காலையில் கோபப்பட்டதற்குப் பிறகு என்னோடு பேசினது அப்போதுதான்.

"கெட்டியாப் புடிங்க மிஸ். இது ஓடிரும்."