கிம்ச்சி டப்பாவுக்கு அடியில்

அன்பு மகள் யேரினுக்கு,

யோங்சோனிலிருந்து அப்பா எழுதுவது. நான் சுகம், திராட்சைக் கொடிகளும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், சியோலில் குளிர் அதிகமாமே, கழுத்தைப் போர்த்திக்கொள். அம்மாவின் முதல் திதி நல்லபடியாக முடிந்தது. பரீட்சை என்று நீ வரவில்லை, அதில் வருத்தமில்லை. கிம்ச்சி ஃபிரிட்ஜ் தானாகத் திறந்துகொண்டு பீப் பீப்பென்று கத்துகிறது என்றேனே, நீகூட ரப்பர் தேய்ந்திருக்கும் என்றாய். ரிப்பேர்காரர் ரப்பரில் ஒரு குறையுமில்லை என்கிறார். ஒன்றும் கொதிக்காத சமையலறையில் கஷாய வாசனை வேறு. பட்டப்பகலில்கூட அங்கே போக எனக்குப் பயமாக இருந்தது.

படையலுக்குப் பேரிக்காய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த உன் சித்தி அப்படியே நின்று அழுதாள். கீழே இருந்த கிம்ச்சி டப்பாவைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். அடியில் கஷாயப் பைகள். அம்மா அசதி அசதி என்றாளே, சித்திதான் சந்தை வைத்தியரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். "அக்காதான் சொல்லாதேன்னா அத்தான். யேரின் டாக்டருக்குப் படிக்கிறா, தெரிஞ்சா சிரிப்பாள்னு சொன்னா."

மறுநாள் வைத்தியரிடம் போய்க் கேட்டேன். அதிமதுரம் நிறையப் போட்ட கஷாயமாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று அவர் கேட்கவே இல்லையாம். அம்மாவுடையது சிறுநீரைப் பிரிக்கிற வகை மாத்திரை, இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயமே நின்றுவிடலாம் என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் ஏன் இவ்வளவு இறங்கியது என்று குழம்பிப்போன டாக்டர், வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா என்று கேட்டபோது நீ கட்டில் பக்கத்தில்தான் நின்றாய். அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். அந்தப் பார்வை என்னை விடமாட்டேன் என்கிறது.

உன்மேல் பழிபோட இதை எழுதவில்லை, மறைக்கவும் மனம் வரவில்லை. கொரிய வைத்திய வகுப்பில் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்து எல்லோரும் வேறு பாடம் படிக்கிறோம் என்று போன வாரம் சிரித்தாயே டாக்டரம்மா, அந்த வைத்தியத்தை நம்பு என்று நான் சொல்லவில்லை. குடிக்கிறவர்களிடம் கேட்கிற அளவுக்காவது படி.

பைகளை எறிந்துவிட்டேன். ஒன்றை மட்டும் அதே இடத்தில் வைத்திருக்கிறேன், அம்மா தேடி வந்தால் ஏமாறக் கூடாது.

நோய்நொடியில்லாமல் நீ நெடுநாள் வாழவேண்டும். ஒன்று மறக்காதே, முழங்கால் வலிக்கு நானும் கஷாயம் குடிக்கிறேன். ஃபோனில் கேள். அம்மாவைப் போல நானும் 'இல்லை' என்று சொல்லிவிடாதபடி கேள்.

ஆசிகளுடன்,
அப்பா