ஆறு வாரம் ஓடாத ராக்கெட்

என் ரகுவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் நம் திருநின்றவூர் வீட்டுக்கே வந்துவிட்டேன். இங்கிருந்துதான் ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

உன் நாய் ராக்கெட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நன்றாக இருக்கிறான். ஆனால் நடுவில் ஒரு கெட்ட காலம் வந்து போனது. ஒரு காலை அவசரத்தில் கேட்டைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டேன். தெருவுக்கு ஓடியவன் மேல் ஆட்டோ மோதிப் பின்னங்கால் எலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே பிளேட் வைத்தார்கள். தப்பு என்னுடையதுதான்டா.

"ஆறு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. பிளேட் நகர்ந்துட்டா மறுபடி ஆபரேஷன்தான்மா" என்றார் டாக்டர். ஏரிக்கரையில் தினமும் உன்னோடு ஓடியவனை எப்படிப் படுக்க வைப்பது? கட்டில் காலில் கட்டிப்போட்டோம். இரண்டே நாளில் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டான்.

அந்த ஞாயிறு அப்பா வழக்கம்போல உன் பைக்கை ஸ்டார்ட் செய்தார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை செய்வார். சத்தம் கேட்டதும் ராக்கெட் எழும்பிக் குதித்து, அலறிக்கொண்டே விழுந்தான். தையலில் ரத்தம். நல்லவேளை, பிளேட் நகரவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா பைக்கை ஏரி ரோடு வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே ஸ்டார்ட் செய்துவிட்டு, மறுபடி தள்ளிக்கொண்டே வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஊட்டாண்ட சத்தம் கேட்டா, அவன் வந்துட்டான்னு நெனச்சுக்குது" என்றார்.

டாக்டர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பழைய துண்டில் சப்பாத்தித் துணுக்கும் அவித்த முட்டையும் வைத்துச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். மோந்து மோந்து தேடி எடுப்பதிலேயே அசந்துவிடுவானாம். நான் வேலைக்குப் போனபின் அப்பா அதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். துண்டில் முடிச்சுப் போட்டார். அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை ஒளித்தார்.

ஒருநாள் மதியமே வீடு திரும்பினேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அப்பா தரையில் உட்கார்ந்து ராக்கெட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரகுவும் உன்ன மாதிரிதான்டா. சின்னதுல டைபாய்டு வந்துச்சு. படுடான்னா, செவுரு ஏறிக் குதிச்சுகினு கீறான். அவன ஒரு எடத்துல உக்கார வெக்க நான் இன்னா பாடு பட்டேன் தெரியுமா?"

ராக்கெட் தலையைத் தூக்கவில்லை. காதை மட்டும் ஆட்டினான்.

நீ போனதிலிருந்து அப்பா உன் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை ரகு. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். டைபாய்டு வந்தபோது உன்னைப் படுக்க வைக்க என்னதான் செய்தார்? உனக்கு ஞாபகம் இருந்ததா?

நேற்று எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு கூடிவிட்டது. தினமும் பத்து நிமிடம் கயிற்றோடு நடக்கலாம் என்றார்கள். இன்று அப்பாதான் கூட்டிப்போனார். இரண்டு பேருக்கும் ஒரே தளர்ந்த நடைதான்.

அப்பா பேசாமல் இருக்கிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான்தான் பேசவிடவில்லை. அவர் உன் அலமாரிப் பக்கம் போனாலே, "சாப்பிட வாங்கப்பா" என்று கூப்பிட்டுவிடுவேன். அழுதுவிடுவாரோ என்று பயம். அவருக்காகவா, எனக்காகவா?

இனி அவர் உன்னைப் பற்றி ஆரம்பித்தால் எழுந்து போக மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, முடிக்கும் வரை கேட்பேன்.

உன் கூடப்பிறந்த அக்கா,
கோமதி