துக்கத்துக்கு அணைத்த விளக்கு

காலையில் மீன் தொட்டியைக் கழுவத் தண்ணீரை வடித்தபோது அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியது. வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவனுக்கு அது தினமும் வருகிற வாடைதான். இப்போதெல்லாம் அது வந்தாலே கோபம் வருகிறது. முதலில் உன்மேல்தான்.

ஆலங்குடிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நீ கேட்டாயே, "மாப்ள, நீ சொரண்டிக் கீழ ஊத்துற பாசி எனக்கு வேணும்டா" என்று. பாசியைக் கொல்வதே பிழைப்பாக இருக்கிறவனிடம் வந்து, அதை உயிரோடு வைத்திருக்க வழி கேட்டவன் நீ ஒருத்தன்தான். புதுக்கோட்டை மண்டபத்தில் உன் கண்காட்சி. ஆள் உயரக் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்திப் பாசித் தண்ணீரை நிரப்பினோம். பின்னால் கலர் விளக்கு, அடியில் காற்று மோட்டார், முன்னால் ஒரு ரப்பர் குழாய். பார்க்க வருகிறவர்கள் அதில் ஊத வேண்டும். "நாம விடுற மூச்சுதான்டா அதுக்குச் சோறு," என்றாய். சோதித்துப் பார்க்கிறேன் என்று நீ ஊதியதற்கு அளவே இல்லை.

அன்றைக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வாயுடா, ஒரு சோடா வாங்கியா போதும்" என்றாய். பாசி லேசாக வெளுத்தாலே பதறுகிறவனுக்குத் தன் நெஞ்சு மட்டும் அவ்வளவு இளக்காரமா? கண்காட்சி திறந்த மறுநாளே போய்விட்டாய், படுபாவி.

உன் காரியங்களுக்கு நான் அலைந்துகொண்டிருக்க, மண்டபத்துக்காரர்கள் உனக்கு மரியாதை செய்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்து, குழாய்களை வெள்ளை வேட்டியால் மூடி, மாலை போட்டு, கருமாதி முடிகிறவரை கதவைப் பூட்டிவிட்டார்கள். திறந்தபோது நாற்றம் வாசலுக்கே வந்தது. உள்ளே பழுப்புச் சேறு.

"துக்கத்துல கலர் லைட்டு எரியலாமாண்ணே? அவரு மேல உள்ள மரியாதைக்குத்தான் அணைச்சோம்," என்றார் மேனேஜர். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"செத்தது அவன்யா! இது உசுரோடதானய்யா இருந்துச்சு!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

ஜன்னலோரம் வேட்டி எட்டாத ஒரு குழாயில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம். கேனில் ஊற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது ஒரு தொட்டி நிறைய இருக்கிறது. "என்னண்ணே, இதைக் கழுவவே மாட்டீங்களா?" என்கிறார்கள் மீன் வாங்க வருகிறவர்கள்.

கடை திறந்ததும் அந்தத் தொட்டியில் விட்ட ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதுகிறேன். மோட்டார் ஓடுகிறது, ஊதத் தேவையில்லை, தெரியும். மூச்சு முட்டும்வரை ஊதுகிறேன். அந்த ஒரு நிமிஷம்தான் உன்னைத் திட்ட முடியாமல் இருக்கிறேன். மூச்சு திரும்பியதும் மறுபடி ஆரம்பித்துவிடுகிறேன். "சோடாவாவது மண்ணாவது, எந்திரிடா மாப்ள. வண்டிய எடுக்குறேன், வா."