கற்கோட்டையின் மூன்று வட்டுகள் அழியாதிருக்க விடுத்த ஓலை

ஏரி நிறைக. கரை நிலைக்க. வெண்குன்றமும் தாழையாறும் ஆளும் பூங்கோதை மாதேவியார் பட்டமேற்ற முதலாண்டு, ஆடித் திங்கள் ஒன்பதாம் நாள், அமைச்சன் காரி எயினன், கற்கோட்டைத் தலைவரும் நாற்பத்திரண்டு ஏரியூர்களின் காவலருமான நக்கன் முனையதரையருக்கு எழுதி விடுத்த ஓலை. தங்கள் குடியும் குதிரையும் நலமென நம்புகிறேன். இங்கு அரசியார் நலம். நான் நலமில்லை.

தங்கள் ஓலை நேற்று உச்சிப்பொழுதில் வந்தது. இடியில் மின்சாரம் போய் மீண்டபின், ஏரியூர்களின் நீர்முறைப் பதிவைத் தாங்கும் லினக்ஸ் கணினி, மூன்று வட்டுகளை ஒன்றாகக் கட்டிய ரெய்டு தொகுதியைக் காணோமென்று பிழை காட்டிப் பாதியில் நின்றதையும், பொறிகாவலர் வீராணி சோதித்து, அரசியாரின் தந்தையாரான காலஞ்சென்ற மன்னரின் பெயர் வட்டுகளுக்குள் இன்னும் இருப்பதாகச் சொன்னதையும், அதைச் சதியெனக் கொண்டு தாங்கள் அவரைச் சிறையில் வைத்ததையும் படித்தேன். இக்குற்றம் செய்தவர் எவராயினும் மதகு திறக்கும் நாள்வரை அச்சிறையை விட்டு நீங்கலாகாது என்றும், வரும் வெள்ளியன்று வட்டுகளை அழித்துப் புதுத் தொகுதி ஆக்குக என்றும் ஆணையிட்டிருக்கிறீர்கள். ஐயோ, முனையதரையரே, என்ன காரியம் செய்யப் பார்த்தீர்கள்!

அவ்வட்டுகள் அழிந்தால் எவ்வூருக்கு எந்நாள் தண்ணீர் என்பதற்கு வேறு சான்று இல்லை. படியெடுத்து வைக்கவில்லையா என்று யாரேனும் கேட்டால் நாமிருவரும் தலைகுனிய வேண்டியதுதான். மூன்றில் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் அதை மீட்டுத் தரும் என்ற தெம்பில் சும்மா இருந்துவிட்டோம். மூன்றையும் நம் கையாலேயே அழித்தால் எது மீட்டுத் தரும்? மேலூராரும் கீழூராரும் மதகடியில் அரிவாளோடு நிற்பார்கள்.

தாங்கள் அழிக்கச் சொன்னபோது, “அழிக்கணும்னா நீங்களே வந்து அழிங்க, என் கை அதுக்கு வராது” என்று வீராணி தங்கள் முகத்துக்கு நேரே சொன்னாராம். நெஞ்சழுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சழுத்தம்தான். அது நம் நல்லகாலம்.

சிறைபுகுமுன் அவர் எடுத்த சோதனைக் குறிப்பையும் தங்கள் ஓலையோடு கட்டி அனுப்பியிருந்தீர்கள். அதைத் தாங்கள் படிக்கவில்லை என்பது அதன் முடிச்சு அவிழாதிருந்ததைப் பார்த்தபோதே தெரிந்தது. மூன்று வட்டுகளிலும் கடைசியாக எழுதப்பட்ட எண்ணிக்கை ஒன்றேபோல் இருக்கிறது. ஆகவே ஒன்றும் கெடவில்லை, ஒன்றும் பிந்தவில்லை. ஒவ்வொரு வட்டிலும் இது இன்ன பெயருடைய கணினியின் தொகுதி என்று ஒரு குறிப்பு உண்டு. அதில் மன்னர் பெயரால் வைத்த பழைய பெயர். கணினிக்கோ அரசியார் பெயரால் புதுப்பெயர். எனவே அது தன் வட்டுகளையே வேற்றூராரென எண்ணி, சுழியம் என்ற எண்ணில் அமர்த்த வேண்டிய தொகுதியை நூற்றிருபத்தேழு என்ற எண்ணில் அமர்த்திவிட்டது. கணினி எழும்போது பார்க்கும் தொடக்கப் பட்டியலோ சுழியத்தைத் தேடித் தேடி, காணாமல் நின்றது.

அந்தப் புதுப்பெயரை வைத்தவர் யார்? புது அரசர் பட்டமேற்றால் கோட்டைவாயில், முரசு, பட்டத்து யானை எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றுவது நம் வழக்கம். இம்முறை கணினியையும் அப்பட்டியலில் சேர்த்தவன் நான். வீராணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கிருந்தபடியே மாற்றச் செய்துவிட்டு, அவையில் அதைப் பெருமையாகவும் சொன்னேன். ஐந்து திங்கள் நிறுத்தாமல் ஓடியதால் பிழை வெளிவரவில்லை. நம்பாமல், இதேபோன்ற தொகுதி கொண்ட இங்குள்ள பழைய கணினி ஒன்றில் இன்று காலை நானே பெயரை மாற்றி எழுப்பிப் பார்த்தேன். அதுவும் அப்படியே நின்றது. குற்றம் என்னுடையதே.

இதை அரசியாரிடம் மறைக்காமல் சொன்னேன். வட்டுகளில் உள்ள தந்தையார் பெயரை மாற்றி எழுதவோ என்று கேட்டதற்கு, அது எவருக்கும் இடைஞ்சல் இல்லையெனில் அப்படியே இருக்கட்டும் என்று அருளினார். அவர் கண் கலங்கியதைக் கண்டேன்.

ஆகவே அரசியார் ஆணை இது. வட்டுகளில் எவரும் கை வைக்கலாகாது. இவ்வோலை கண்ட கணமே வீராணியை விடுவித்து, தாங்களே உடன் சென்று கணினியின் முன் அமர்த்துக. பெயர் எத்தனை முறை மாறினும் மாறாத அடையாள எண் ஒன்று தொகுதிக்கு உண்டு. அதைத் தொகுதியின் அமைப்புக் கோப்பில் எழுதி, தொடக்கப் பட்டியலும் அதைக் கொண்டே தேடுமாறு திருத்தி, கணினி எழும்போது முதலில் ஏற்றிக்கொள்ளும் தொடக்கப் பொதியைப் புதிதாகக் கட்டி, பின் எழுப்பினால் எழும். அவர் இதை அறிவார். தாங்கள் குறுக்கே பேசாதிருந்தால் போதும். எழுந்தவுடன் முதல் வேலையாகப் படியெடுக்கச் செய்க.

குற்றம் செய்தவர் எவராயினும் மதகு திறக்கும் நாள்வரை அச்சிறையில் இருக்க வேண்டுமென்ற தங்கள் ஆணையை அரசியார் மாற்றவில்லை. மாற்றும்படி நானும் கேட்கவில்லை.

கயற்பொறி முத்திரையிட்டு, அரசியார் திருமுன் எழுதினேன். ஓலை முந்தி வருகிறது, நான் பின்னே வருகிறேன். வீராணி வெளியே வந்ததும் அக்கதவைப் பூட்ட வேண்டாம்.