நுஹைலாவுக்குக் காய்ச்சல் இல்லை

அன்புள்ள மஹ்ஜூபாவுக்கு,

மிமூன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வழக்கத்துக்காக எழுதும் வார்த்தை இல்லை இது. நம் மகளுக்குக் காய்ச்சல் இல்லை. மத்தியானம் நான் போனில் சொன்னது பொய். இதை எழுதும்போது அவள் முற்றத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை நீ ரபாத்தில் பஸ் ஏறுவதற்குள் இது உன் கையில் சேர வேண்டும் என்று இன்றிரவு ரபாத் போகும் பஸ்ஸின் கண்டக்டர் உஸ்மானிடம் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் இன்னொரு பொய் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

இன்று காலை ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிரசவப் பிரிவின் பொறுப்பை உங்களைப் போன்ற நர்ஸுகளிடமே கொடுக்க வேண்டும் என்று திங்கட்கிழமை அமைச்சகச் சபையில் கேட்க நீ போயிருப்பது தலைமை டாக்டர் காதுக்கு எட்டிவிட்டது. எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். "என்ன மிமூன், உன் பொண்டாட்டிக்கு வீட்டு அதிகாரம் பத்தலையாமே? நாளைக்கு அவ இங்க உக்காந்தா நீ அவளுக்கா சலாம் போடுவ?" என்றார். காவலாளி வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வந்துடுவா டாக்டர், நான் சொன்னா கேப்பா" என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நுஹைலாவுக்குக் காய்ச்சல், உடனே வா என்று உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்காமல், நாளைக் காலையே பஸ் ஏறுகிறேன் என்றாய்.

டாக்டருக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று எழுத நினைத்தேன். அது பாதிதான் உண்மை. நீ எனக்கு மேலதிகாரியாக வந்துவிடுவாயோ என்று எனக்கே உள்ளுக்குள் குத்தியது.

பிற்பகலில் மேல் கிராமத்து யாம்னாவை வண்டியில் கொண்டுவந்தேன். ஆண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அப்புறம் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. நிறுத்துகிற ஊசிமருந்து பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி டாக்டரிடம். அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் நகரத்துக்குக் கிளம்பிவிட்டார். யாம்னாவின் மாமியார், "மஹ்ஜூபா எங்க? அவளக் கூப்பிடுங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் உதவியாள் இல்ஹாம் பாவம், சின்னப் பெண். "உடைச்சா என் வேலை போயிடும் அண்ணே. அக்கா இருந்தா யோசிச்சிட்டு நிக்க மாட்டாங்க" என்றாள்.

கடைசியில் ஜாக்கிக் கம்பியைக் கொண்டுவந்து நான்தான் பூட்டை உடைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் வெகுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, டாக்டர் எடுக்கட்டும், அவர் சொல்லட்டும் என்று நின்றேன். அந்த நேரமெல்லாம் இல்ஹாம் நனைந்த துணிகளை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

இல்ஹாம் ஊசி போட்டாள், யாம்னா பிழைத்துவிட்டாள். கை தூக்கத் தெம்பில்லை. மாமியார் ஹரீரா சூப்பைக் கரண்டியால் ஊட்டுகிறாள்.

இல்ஹாமிடம், "கவலப்படாத, நுஹைலாவுக்குக் காய்ச்சல், அதனால அக்கா நாளைக்கே வந்துடுவா" என்று சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு நுஹைலாவே துள்ளி வந்தாள். இல்ஹாம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா திங்கக்கிழமை பேசணுமே அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த ரொட்டியை என்னால் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் வந்து பூட்டை உடைத்தது யார் என்று கேட்பார். நான்தான் உடைத்தேன் என்பேன். வண்டியைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். காலையில் சிரித்தவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது: நீ அங்கே உட்கார்ந்தால் உனக்கு நான் சலாம் போடுவேன் என்று. வாய் வருமா தெரியவில்லை. வர வேண்டும்.

நீ வராதே மஹ்ஜூபா. யாம்னாவுக்கு நடந்ததைச் சபையில் சொல். சாவி யாரிடம் இருந்தது, யாரிடம் இருந்திருக்க வேண்டும் என்று கேள். அல்லாஹ் உன் நாவுக்கு வலுவைத் தரட்டும். அங்கே எல்லாவற்றையும் பேசிவிட்டு வா. வீட்டுக்கு வந்தபின் என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

உன்,
மிமூன்