ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன்

டோர்னியோ,
டிசம்பர் 22

என் அன்புத் தம்பி வேசாவுக்கு,

நீ கிளம்பியதிலிருந்து அம்மா நீ சாப்பிட்டாயா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள், போட்டுக்கொள்.

ஸ்வீடன் இளையோர் பனி ஹாக்கி அணியின் பெயர்கள் பேப்பரில் வந்துவிட்டன. ஸ்டெல்லான் விக்ஸ்ட்ரோமும் இருக்கிறான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹபராண்டாவில் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவன், இப்போது நாட்டுக்காக ஆடப் போகிறான். மட்டையால் என் இடது கண்ணைப் பறித்தவனுக்கு அன்று நடுவர் கொடுத்த தண்டனை, இரண்டு நிமிடம் வெளியே உட்காருவது. எனக்கு ஆயுள் முழுக்க.

நீ போட்டிருக்கும் பின்லாந்து அணிச் சட்டை நான் போட்டிருக்க வேண்டியது. அதை மறக்காதே. கோப்பையை யார் வேண்டுமானாலும் கொண்டு வரட்டும். நீ அவனைக் கவனி.

உன் அண்ணன்,
ரைமோ

டாம்பரே,
டிசம்பர் 27

அன்புள்ள அண்ணா,

காலுறை வந்தது. இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டோம். கடைசி ஆட்டம் ஸ்வீடனோடு. கோப்பை யாருக்கு என்பது அன்றுதான் முடிவாகும் போலிருக்கிறது.

இன்று காலை சாப்பாட்டுக்கூடத்தில் அவனைப் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு என் எதிரே வந்து நின்று, நம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டான்: "ரைமோ எப்படி இருக்கான்?"

"அவன் பேரைச் சொல்ல உனக்கு வாய் வருதா?" என்றேன்.

"கேட்கணும்னு தோணுச்சு."

"பனியில வா, அங்கே பதில் சொல்றேன்."

பக்கத்தில் இருந்த நம் பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். அண்ணா, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நீ கவலைப்படாதே.

உன் வேசா

டோர்னியோ,
டிசம்பர் 29

வேசா,

கஞ்சி குடிக்காமல் போனான் என்று சந்தோஷப்படாதே. பேச்சால் யாருக்கும் எலும்பு முறியாது. ஆடுகளப் பலகைச் சுவர் ஓரமாக ரப்பர் வட்டை எடுக்கும்போது அவன் தலையைக் குனிந்துகொள்வான். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். பின்னாலிருந்து வா.

ஆட்டத்தை டிவியில் காட்டுகிறார்களாம். அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நான் மட்டும் பார்க்கிறேன்.

ரைமோ

டாம்பரே,
ஜனவரி 3

அன்புள்ள அண்ணா,

பார்த்திருப்பாய். நீ சொன்ன மாதிரியே குனிந்தான். சுவரோடு வைத்து நசுக்கினேன். சத்தம் எனக்கே கேட்டது.

அப்போது நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம். நடுவர் என்னை ஆட்டத்தை விட்டே வெளியேற்றினார். எனக்குப் பதில் ஆளில்லாமல் நம் பையன்கள் ஐந்து நிமிடம் ஆட வேண்டியிருந்தது. அதற்குள் அவர்கள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். கோப்பை போய்விட்டது.

பயிற்சியாளர் திட்டக்கூட இல்லை. "சட்டையைக் கழட்டி வெச்சுட்டுப் போ. இனிமே உன்னைக் கூப்பிட மாட்டோம்" என்றார். எங்கள் கோல்காவலன் உடை மாற்றும் அறையில் தேம்பித் தேம்பி அழுதான். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பரவாயில்லை. உனக்காகத்தான். ஆனால் சீக்கிரம் ஒரு வரி எழுது அண்ணா. யாராவது என்னோடு பேசினால் தேவலை.

உன் வேசா

டோர்னியோ,
ஜனவரி 7

வேசா,

பார்த்தேன். அவன் விழுந்ததும் எழுந்து நின்று கத்தினேன். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

நேற்று மீன் கடையில் சொன்னார்கள். தோள்பட்டை எலும்புதானாம். தலைக்கு ஒன்றுமில்லை, கண்ணுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்துவிட்டான். ஏப்ரலில் மறுபடி ஆடுவானாம். என் கண் ஏப்ரலில் வருமா?

அரைகுறையாகச் செய்திருக்கிறாய். கோப்பை போனதையே எழுதியிருக்கிறாய். உன் மனசு பாதி அங்கேதான் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வா. ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பேசுவோம்.

ரைமோ

ஓலு,
ஜனவரி 16

அண்ணா,

போன வாரம் டோர்னியோவில் இறங்கினேன். வீட்டுக்கு வரவில்லை. பாலத்தைத் தாண்டி நேரே ஹபராண்டாவுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவன் அம்மா. என்னை அடையாளம் தெரிந்தது. விலகி வழி விட்டாள். அவன் கையைக் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"ரைமோ அனுப்பினானா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன். ஒண்ணு கேட்கணும். அன்னைக்கு வேணும்னேதான் அடிச்சியா?"

எதிர் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான். "அடிக்கணும்னுதான் அடிச்சேன். கண்ணுன்னு நினைக்கல."

"நானும் அடிக்கணும்னுதான் அடிச்சேன்."

"தெரியும். மூணு வருஷமா உங்க வீட்டிலேர்ந்து யாராவது வருவீங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இத்தோட தீந்துதா, வேசா?"

நீ ஏப்ரல் என்று எழுதிய கடிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவன் அம்மா வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தீந்துடுச்சு" என்றேன். "ரைமோவும் அப்படித்தான் சொன்னான்" என்றும் சொன்னேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இங்கே மரக்கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் நானே எழுதிச் சொல்கிறேன். உன் பெயரால் வாக்குக் கொடுத்துவிட்டேன் அண்ணா. அது உனக்குச் சம்மதமில்லையென்றால், இனி உன் பகை அவனோடு அல்ல. என்னோடு.

வேசா