அக்கா வீட்டுச் சொட்டுக் குழாய்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் கல்லீரல் முழுக்கத் தழும்பு விழுந்து இறுகிவிட்டதாம். குடலிலிருந்து அதற்குள் போகவேண்டிய ரத்தம் வழியில்லாமல் திரும்பி, உணவுக்குழாயில் உள்ள சின்ன ரத்தக்குழாய்களில் புகுந்து அவற்றைப் புடைக்க வைத்திருக்கிறது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். வாய்வழியே கருவியை விட்டு, புடைத்த இடங்களில் ரப்பர் வளையம் மாட்டவேண்டுமாம்.

"அடைப்பு ஒரு இடத்துல, கட்டு வேற இடத்துலயா சார்?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் பிளம்பர் வேலை பார்த்தவன் இதற்கு ஒப்புவேனா? அழுத்தம் கூடினால் வால்வை மூடவேண்டும். ஆகவே தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். வளையம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஜூன் 9

என் அருமைத் தம்பிக்கு,

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். "உப்பைத்தாம்மா குறைக்கச் சொன்னேன், தண்ணியை இல்ல!" என்றார். போதுமா?

என் கல்யாணத்துக்கு முதல்நாள் சுவருக்குள் குழாய் அடைத்துக்கொண்டு, வெளியே இணைப்பு புடைத்ததே, ஞாபகமிருக்கிறதா? சுவரை உடைக்க நேரமில்லை. சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியது யார்? "அடைப்பை அப்புறம் பாத்துக்கலாம், இப்ப வெடிக்காம இருந்தா போதும்" என்று சொன்னது யார்? வீடு நிறைய ஆட்கள், ஒருவர் மேலும் துளி படவில்லை. ஊருக்குத்தான் உபதேசமா?

குழாய் சொட்டுகிறது. வாளி வைத்திருக்கிறேன். உன் கையைத் தவிர வேறு கை அதில் படாது. நீயும் இல்லையென்றால் எனக்கு யாருடா இருக்கிறார்கள்?

அக்கா

ஜூன் 21

அன்பு அக்கா,

வளையம் மாட்டியாயிற்று. படுக்கவைத்தபோது பயத்தில் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை, வெளியே சொல்லி மானத்தை வாங்காதே. டாக்டரிடம் உன் டியூப் கதையைச் சொன்னேன். "இதைத்தானேப்பா நானும் சொன்னேன்" என்றார். "நீங்க டியூப்னு சொல்லலையே சார்" என்றேன். நர்ஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்துவிட்டார்.

கல்லீரல் பழையபடி ஆகாது, அதையும் சொல்லிவிட்டார். அழுத்தம் தணிய மாத்திரை உண்டு. புடைப்பு அடங்கும்வரை திரும்பத் திரும்பப் போய் வளையம் மாட்டிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டில் உப்பு கிடையாது, உன் சமையல் எனக்குப் பழக்கம்தானே.

சனிக்கிழமை வருகிறேன். வாளி அங்கேயே இருக்கட்டும்.

யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயே. நான் இருக்கிறேன்.

உன் தம்பி